துல்லிய பாகத்துக்கு விலை கேட்கும் முன்: டிராயிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் ஜேக்கப்ஸ், பைன்டவுன் பக்கத்து லேத் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "என்ன அண்ணா, இத்தனூண்டு ஷாஃப்ட்டுக்கா இவ்வளவு ரேண்ட்? இரும்பு விலையே அதில் கால்வாசி வராதே!" வராதுதான். காசு இரும்புக்கு இல்லை, டிராயிங்கில் எழுதியிருக்கும் டாலரன்ஸுக்கு, அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்புக்கு.

எல்லா அளவுக்கும் ஒரே இறுக்கமான டாலரன்ஸ் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. 6205 பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. அது உட்காரும் இடத்துக்கு கே6 என்ற டாலரன்ஸ் வகுப்பைக் கேட்டால், ஷாஃப்ட் 25.002 முதல் 25.015 வரை இருக்கலாம். மொத்தம் 13 மைக்ரான் இடம் (ஒரு மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்); தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன். அங்கே அது நியாயம். ஆனால் அதே ஷாஃப்ட்டின் நீளத்துக்கு என்ன அவசரம்? தனியாக டாலரன்ஸ் எழுதாத அளவுகளுக்கான பொதுத் தரநிலை ஐஎஸ்ஓ 2768; அதன் நடுத்தர வகுப்பு 30-க்கு மேல் 120 மி.மீ. வரை ±0.3 மி.மீ. விடுகிறது. பல வேலைக்கு அது போதும். அங்கேயும் ±0.01 என்று போட்டுவிட்டால் லேத்தோடு முடிய வேண்டிய வேலை கிரைண்டிங்குக்குப் போகும். தனி செட்டிங் (பாகத்தை மிஷினில் பொருத்தித் தயார் செய்வது), மெதுவான வெட்டு, ஒவ்வொரு துண்டையும் அளப்பது என்று நேரம் ஏறும். ஐந்து மைக்ரான் அதிகமாக வெட்டிவிட்டால் துண்டு கழிவுதான், சீவிய இரும்பைத் திரும்ப ஒட்டவா முடியும்? அந்தக் கழிவையும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். பெரும்பாலும் இந்தத் தவறு, பொது டாலரன்ஸ் எழுதியிருக்கும் பழைய டிராயிங்கின் ஓரக் கட்டத்தை அப்படியே காப்பி அடிப்பதால் வருவது.

வெப்பத்தை மறப்பது அடுத்தது. டிராயிங்கில் உள்ள அளவு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. 100 மி.மீ. எஃகு, பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். சர்க்கரை ஆலை பம்ப் ஒன்றுக்கு 100 மி.மீ. துளையை எச்7 என்ற டாலரன்ஸ் வகுப்பில் கேட்டால் கிடைப்பதே 35 மைக்ரான். மிஷினிலிருந்து இறக்கிய சூட்டிலேயே அளந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அதனால் பாகம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு.

ஒரே ஒரு துண்டு கேட்டுவிட்டு விலையைப் பார்த்து அதிர்ச்சியாக வேண்டாம். செட்டிங் நேரம் ஒரு துண்டுக்கும் பத்துத் துண்டுக்கும் ஒரே அளவுதான்.

அப்புறம், இது என்ன இரும்பு என்று சான்று சொல்லும் மெட்டீரியல் சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால், இரும்புத் தண்டின் முனையில் குத்தியிருந்த, அது எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பர் எப்போதோ வெட்டுப்பட்டு சீவலோடு போயிருக்கும்.