லினக்ஸுக்கு வன்பொருள் வாங்குமுன் டிரைவரைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

யூஎஸ்பி துளையில் செருகும் வைஃபை டாங்கிளோ பிரிண்டரோ மடிக்கணினியோ, பெட்டியின் மேல் ‘லினக்ஸிலும் இயங்கும்’ என்று அச்சிட்டிருக்கும் ஒரே வரியை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் நான் அப்படித்தான் ஒரு யூஎஸ்பி டாங்கிளை வாங்கினேன். உடன் வந்த குறுந்தகட்டில் நிறுவனம் தந்த டிரைவரின், அதாவது டாங்கிளை இயக்கும் மென்பொருளின், மூல நிரல் இருந்தது. அதைக் கம்பைல் செய்ததும் (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றியதும்) இணைய இணைப்பு கிடைத்தது. சில மாதங்களில், வழக்கமான அப்டேட் ஒன்றில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறியது. மறுமுறை கணினியைத் திறந்தபோது வைஃபை இல்லை. மீண்டும் கம்பைல் செய்தால் திரை முழுக்கப் பிழைச் செய்திகள். நிறுவனம் புதிய நிரலை வெளியிடவே இல்லை. வேலை செய்துகொண்டிருந்த பொருள் மேசை இழுப்பறைக்குள் போனது.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, ‘லினக்ஸில் ஓடுமா?’ என்பதன்று; ‘இதிலுள்ள சிப்புக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறதா?’ என்பதுதான். டிரைவர்கள் கெர்னலோடு பேசும் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. அவற்றை மாற்றாமல் வைத்திருப்போம் என்ற உறுதியைக் கெர்னலை உருவாக்குவோர் தெரிந்தேதான் தருவதில்லை. ஆனால் ஓர் இடைமுகத்தை மாற்றுகிறவர், அதைப் பயன்படுத்தும் உள்டிரைவர்கள் அனைத்தையும் தாமே திருத்தித் தர வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. அதனால்தான் தயாரித்த நிறுவனம் கைவிட்ட பிறகும் உள்ளே இருக்கும் டிரைவர் பல ஆண்டுகள் பிழைத்திருக்கிறது. வெளியே இருப்பதை யாராவது விடாமல் திருத்திக்கொண்டே வர வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் வெளி டிரைவரைத் தானாகக் கம்பைல் செய்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நிரலே பொருந்தாமல் போனால் அதனாலும் ஒன்றும் செய்ய இயலாது. கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், அந்த மாட்யூலில் (கம்பைல் செய்த டிரைவர் கோப்பில்) கையொப்பமிட்டு, அதற்குரிய சாவியையும் கணினியில் பதிவு செய்தாக வேண்டும்.

முதலில் சிப்பின் பெயரைக் கண்டுபிடியுங்கள். மாடல் பெயர் போதாது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற டாங்கிளை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. அதற்கான டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறது, சிப்புக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் மூல நிரல்கூடப் பின்னாளில் வெளியிடப்பட்டது. இரண்டாம் பதிப்பில் அதே பெயரோடு ரியல்டெக் சிப் வந்தது. இரண்டுக்கும் வேண்டிய டிரைவர்கள் வேறு வேறு. ஆகவே அட்டைப்பெட்டியின் பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணையும் பார்த்து, அந்தப் பதிப்புக்கு எந்தச் சிப் என்று தேடிய பிறகே வாங்க வேண்டும்.

மடிக்கணினியானால் கடையிலேயே சோதித்துவிடலாம். லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை இயக்கும் பென்டிரைவ்) ஒன்றை எடுத்துச் சென்று, கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அதிலிருந்து பூட் செய்யுங்கள். டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்ற கட்டளையைக் கொடுங்கள் (இங்கே ஒலிப்படி தந்திருக்கிறேன், தட்டச்சிடும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகள் வேண்டும்). ஒவ்வொரு சாதனத்தின் வரியிலும் சதுர அடைப்புக்குள், முக்காற்புள்ளியின் இருபுறமும் நான்கு இலக்கங்களாக ஓர் அடையாளம் தெரியும். முன்பாதி நிறுவனத்தைக் குறிக்கும்: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டியின் கிராஃபிக்ஸ். (இன்டெலின் புகழ்பெற்ற பழைய பிராசசரின் பெயரும் 8086 என்பதால் இதை மறக்கவே முடியாது.) பின்பாதி குறிப்பிட்ட சிப்பைக் குறிக்கும். அதற்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருந்தால், டிரைவர் அந்தச் சாதனத்தைப் பற்றிக்கொண்டுவிட்டது என்று பொருள். வைஃபைக்குரிய இடத்தில் அந்த வரியே இல்லையென்றால் வாங்குவதை ஒத்திவையுங்கள். யூஎஸ்பி சாதனங்களுக்கு எந்த டிரைவர் இயங்குகிறது என்பதை ‘எல்எஸ்யூஎஸ்பி -டி’ கட்டளை காட்டும்.

டிரைவர் இருந்தும் சாதனம் இயங்காவிட்டால், பெரும்பாலும் ஃபர்ம்வேர் கோப்புதான் குறைந்திருக்கும். ‘டிமெசேஜ்’ (தட்டச்சிடும்போது dmesg) என்று நாம் சொல்லும் கெர்னல் பதிவில் எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்பது பெயரோடு எழுதியிருக்கும். டிஸ்ட்ரோ எனப்படும் லினக்ஸ் தொகுப்புகளில் ஒன்றான டெபியன், 2023இல் வெளியிட்ட 12ஆம் பதிப்பிலிருந்து, கட்டற்றதல்லாத (பயன்படுத்தவும் மாற்றவும் முழு உரிமை தராத) ஃபர்ம்வேரையும் தன் அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்த்துவிட்டதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

கிராஃபிக்ஸ் விஷயத்தில் என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: என்விடியாவின் கூடா (CUDA, கிராஃபிக்ஸ் சிப்பில் கணக்கீடுகளைச் செய்யும் தளம்) போன்ற தேவை இல்லாதவர்கள் இன்டெல் அல்லது ஏஎம்டியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஏஎம்டி 2007இல் தன் சிப்புகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. இன்றைய ஏஎம்டிஜிபியூ டிரைவர் 2015இல் கெர்னலின் 4.2 பதிப்பில் இணைந்தது. என்விடியா 2022 மே மாதத்தில் தன் கெர்னல் மாட்யூல்களின் மூல நிரலை வெளியிட்டது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும் அவை என்விடியா சிப்புகளின் டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமே பொருந்தும், கெர்னலுக்கு வெளியேதான் இருக்கின்றன, அவற்றோடு இயங்கும் நூலகங்கள் இன்னும் மூடியவையே. என்விடியாதான் வேண்டுமென்றால், நிறுவனத் தளத்திலிருந்து நிறுவியைத் தரவிறக்காமல், உங்கள் டிஸ்ட்ரோ தரும் பொதியையே நிறுவுங்கள். கெர்னல் மாறும்போது அதையும் சேர்த்துப் புதுப்பிக்கும் பொறுப்பை டிஸ்ட்ரோ ஏற்றுக்கொள்கிறது.

பிரிண்டரில் கவனிக்க வேண்டியது சற்று வேறு. ஹெச்பியின் ஹெச்பிஎல்ஐபி மென்பொருள் திறமூலமானது. ஆனால் லேசர்ஜெட் 1020 போன்ற சில மாடல்களுக்கு, ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும், அதற்கு மூடிய பிளகின் (துணை மென்பொருள்) ஒன்று தனியே தேவைப்படுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் ஏர்பிரிண்ட் முத்திரையைத் தேடுங்கள். அது ஆப்பிள் சாதனங்களுக்கானது என்றாலும், அதன் அடிப்படையான ஐபிபி என்ற அச்சு நெறிமுறையை லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் அறியும் என்பதால், அத்தகைய பிரிண்டர்கள் பொதுவாகத் தனி டிரைவர் எதுவுமின்றியே அச்சிடும்.

ஏற்கெனவே வாங்கிய பொருள் இயங்கவில்லையா? புதிதாகச் சந்தைக்கு வந்த சிப் என்றால், உங்கள் கெர்னல் அதைவிடப் பழையதாக இருக்கலாம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ் பயன்படுத்துவோர் ஹெச்டபிள்யூஇ என்ற புதிய கெர்னலையும், டெபியன் பயன்படுத்துவோர் பேக்போர்ட்ஸ் என்ற தொகுப்பிலுள்ள புதிய கெர்னலையும் நிறுவிப் பாருங்கள். அதிலும் பலனில்லையென்றால், சாதனத்தின் அடையாள எண், கெர்னல் பதிப்பு, கெர்னல் பதிவில் அது தொடர்பான வரிகள் ஆகிய மூன்றையும் சேர்த்து டிஸ்ட்ரோவின் பிழைப் பதிவில் இடுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியாதிருந்தால் பொருளைத் திருப்பிவிட்டு, காரணம் கேட்கும் கட்டத்தில் ‘கெர்னலில் டிரைவர் இல்லை’ என்று தெளிவாக எழுதுங்கள். தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கும் அதையே அனுப்புங்கள்.