டெல்டாவுல இருந்துகிட்டே பியானோவை வாழ்க்கையா எடுத்துக்கணும்னா: டோங் இல் ஹான் போன வழியை வச்சு ஒரு கைடு

நான் கும்பகோணத்துல 15 வருஷமா பசங்களுக்கு பியானோ சொல்லிக் குடுக்கிறேன். வருஷா வருஷம் குறுவை அறுப்பு முடிஞ்சு கையில நாலு காசு வந்ததும் ரெண்டு மூணு அப்பாம்மா வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க, "டீச்சர், பாப்பா நல்லா வாசிக்கிறா, இதை நம்பி படிக்க வைக்கலாமா, இல்ல ஸ்கூல் ஆண்டுவிழாவோட நின்னுடுமா"ன்னு கேப்பாங்க. நான் அவங்களுக்கு சொல்ற பதிலைத்தான் இங்க எழுதுறேன், அதுக்கு டோங் இல் ஹான்னு ஒரு கொரிய அமெரிக்க பியானோ கலைஞரோட கதையில இருந்து ஆரம்பிக்கணும்.

1941ல ஹம்ஹுங்ல பொறந்தவர், அந்த ஊர் இப்ப வட கொரியாவுல இருக்கு. குடும்பத்தோட தெற்கே சியோலுக்கு வந்து, போருக்கு நடுவுல வளர்ந்த பையன். அமெரிக்க விமானப்படை ஜெனரல் சாமுவேல் ஆண்டர்சன் இவர் வாசிச்சதைக் கேட்டு அசந்து போய், 1954ல அமெரிக்கா போக வழி பண்ணி விட்டாரு, அப்ப பையனுக்கு 12 வயசு. நியூயார்க்ல ஜூலியார்ட்ங்கிற இசைப் பள்ளியில ரோஸினா லெவின்னு ஒரு பியானோ டீச்சர்கிட்ட சேர்ந்தாரு. 1965ல லெவென்ட்ரிட் போட்டியில ஜெயிச்சாரு, அதுக்கு 11 வருஷம் முன்னாடி அதே போட்டியில ஜெயிச்சது உலகம் பூரா பேர் வாங்கின அமெரிக்க பியானோ கலைஞர் வான் கிளைபர்ன், அதுலயே தெரிஞ்சுக்கலாம் அது எவ்வளவு பெரிய மேடைன்னு. அப்புறம் ஊர் ஊரா கச்சேரி, கூடவே டெக்சாஸ், பாஸ்டன்னு யூனிவர்சிட்டிகள்ல பல வருஷம் வாத்தியார் வேலை, பின்னாடி கொரியாவுக்கே திரும்பிப் போய் அங்கயும் சொல்லிக் குடுத்தாரு. 2024 டிசம்பர்ல காலமானாரு.

இதைக் கேக்கற எல்லாரும் அந்த 1965 ப்ரைஸை மட்டும்தான் புடிச்சுக்குவாங்க. நான் பாக்கச் சொல்றது அதுக்கு முன்னாடி இருக்கிற 11 வருஷத்தையும், பின்னாடி மாணவர்களோட உக்காந்த அத்தனை வருஷத்தையும். நம்ம ஊர்ல இது ஒண்ணும் புதுசு இல்ல, நாகஸ்வர வித்வான் வீட்டுத் திண்ணையில காலையில சிஷ்யன் உக்காந்திருப்பான், ராத்திரி அதே வித்வான் சாமி புறப்பாட்டுல வாசிப்பாரு. வாசிக்கிறதும் சொல்லிக் குடுக்கிறதும் ஒரே தொழில்தான். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

முதல்ல வாத்தியம். 61 கட்டை கீபோர்டை "இதுதாங்க பியானோ"ன்னு சொல்லி ஒரு கடையில ஆரம்பத்துல என் தலையிலயே கட்டிட்டாங்க, ஒரு வருஷம் அதுல பசங்களுக்கு சொல்லிக் குடுத்து அப்புறம் எல்லாத்தையும் முதல்ல இருந்து திருத்த வேண்டியதாப் போச்சு. ஆறு மாசம் ஆசைக்கு வாசிச்சுப் பாக்க அது போதும். பியானோதான்னு முடிவு பண்ணிட்டா 88 கட்டை, அதுவும் சுத்தியல் வச்ச மாதிரி கனமா இறங்குற வெயிட்டட் கீ உள்ள டிஜிட்டல் பியானோ வாங்குங்க, 40, 50 ஆயிரத்துல இருந்து கிடைக்கும். கட்டையில கனம் இல்லன்னா விரலுக்கு பலமும் வராது, மெதுவா வாசிக்கிறதுன்னா என்னன்னு கைக்குத் தெரியவும் தெரியாது. நிஜ பியானோ இப்ப வேண்டாம். உள்ள 200க்கு மேல கம்பி, இரும்புச் சட்டத்துல இழுத்துக் கட்டி, ஒரு மரப்பலகையை அழுத்திக்கிட்டுப் போகும், ஐப்பசி கார்த்திகை ஈரத்துல பலகை ஊதி சுருதி ஏறும், சித்திரை வெயில்ல இறங்கும், ட்யூன் பண்ண ஆள் சென்னையில இருந்து வரணும். ஸ்டூல் உயரத்தை மட்டும் முதல் நாளே சரி பண்ணிடுங்க, முழங்கை கட்டையோட மட்டத்துக்கு இருக்கணும், சின்னப் புள்ளைக்கு கால் தொங்கும், அடியில ஒரு மணை போட்டு விடுங்க.

அடுத்து முதல் பாட்டு. தூரத்து ஊர் பாட்டை எல்லாம் தேட வேண்டாம், நம்ம திருவாரூர் முத்துஸ்வாமி தீக்ஷிதர் இருக்காரு. வெள்ளைக்காரன் பேண்டுல கேட்ட மெட்டுக்கெல்லாம் சாகித்யம் எழுதி நோட்டுஸ்வரம்னு வச்சாரு, எல்லாம் சங்கராபரணம், அதாவது பியானோவுல வெறும் வெள்ளைக் கட்டைதான். பாட்டு கிளாஸ் போற புள்ளைக்கு ஷ்யாமளே மீனாக்ஷி தெரிஞ்சிருக்கும், அதே மெட்டை வச்சுதான் மொஸார்ட் 12 வேரியேஷன், அதாவது ஒரே மெட்டை விதவிதமா மாத்தி, எழுதியிருக்காரு. அந்த வேரியேஷன் எல்லாம் பின்னாடி, முதல்ல மூல மெட்டை மட்டும் வாசிக்க விடுங்க. சரபோஜி காலத்துல தஞ்சாவூர் அரண்மனையிலயே வெஸ்டர்ன் பேண்ட் இருந்துச்சு, இந்த சங்கீதம் நமக்கு வேத்து ஆள் இல்லன்னு புள்ளைக்கு முதல் நாளே தெரியணும், அப்பதான் பயம் போகும்.

இப்ப நான் ரொம்ப நேரம் செலவழிக்கிற விஷயம். பியானோவுல ஒரு கட்டையை அமுக்கின நிமிஷத்துல இருந்து சத்தம் செத்துக்கிட்டே இருக்கு. வாய்ப்பாட்டுல மூச்சு இருக்கு, வயலின்ல வில் இருக்கு, இங்க எதுவும் கிடையாது, அடிச்சது அடிச்சதுதான். அப்ப ஒரு வரியை இழைச்சு பாடுற மாதிரி எப்படி வாசிக்கிறது? முதல் ஸ்வரத்தை வாசிச்சுட்டு அது தேயறதைக் கேளுங்க, அது எந்த அளவுக்குத் தேஞ்சிருக்கோ அந்த அளவு சத்தத்துல ரெண்டாவது ஸ்வரத்தை உள்ள விடுங்க, ரெண்டாவது கட்டை முழுசா இறங்கினதுக்கு அப்புறம்தான் முதல் விரல் எழும்பணும். திருவிடைமருதூர்ல இருந்து வர ஒரு பொண்ணு, 11 வயசு, ரெண்டே ரெண்டு ஸ்வரம், ஸ, ரி, இதை மட்டும் முக்கால் மணி நேரம் பண்ணா. முதல்ல ரி "டக்"னு தனியா வந்து விழுந்துச்சு, விரலை மேல தூக்கி அடிச்சா. நான் அவ முழங்கையை அடியில தாங்கிப் புடிச்சு, "கையை என் மேல போட்டுரும்மா, தூங்குற மாதிரி"ன்னு சொன்னேன், கையோட கனம் முழுக்க என் உள்ளங்கையில இறங்கினது தெரிஞ்சுச்சு, அப்புறம் அந்தக் கனத்தை அப்படியே விரல் நுனிக்கு விடச் சொன்னேன். ரி வந்து ஸ பக்கத்துல உக்காந்துச்சு. அவளே திரும்பி "டீச்சர், இது ஒட்டிக்கிச்சு"ன்னா. அந்த வார்த்தையைத்தான் இப்ப எல்லாருக்கும் சொல்றேன், ஒட்டணும்.

தாளத்துக்கு நம்ம பசங்க கொடுத்து வச்சவங்க. வலது கை மூணு, இடது கை ரெண்டு வாசிக்கிற இடம் வந்தா நிறைய பேர் அங்கயே மாட்டிக்குவாங்க. ஆறு எண்ணிக்கை எடுத்துக்கோங்க, வலது கை 1, 3, 5ல விழணும், இடது கை 1லயும் 4லயும். தொடையில தட்டிப் பாருங்க: சேர்ந்து, வலது, இடது, வலது. கொன்னக்கோல், அதாவது தகதிமின்னு வாயால சொல்ற தாளம், கேட்டு வளர்ந்த புள்ளைக்கு பத்து நிமிஷத்துல வந்துடும், அப்புறம் கட்டையில வைங்க. கமகம்தான் இங்க இல்ல, கட்டையை ஆட்டினா ஸ்வரம் ஆடாது, அதனால வாசிக்கிறதுக்கு முன்னாடி அந்த வரியை ஆட்டம் இல்லாம நேர் ஸ்வரமா வாயால பாடிடணும்.

கரண்ட் போனா பிராக்டிஸை நிறுத்தாதீங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பையன் ஒருத்தன் வீட்டுல வாரக்கணக்குல கரண்ட் இல்ல, செத்த கட்டையிலயே தினம் ஒரு மணி நேரம் வாசிச்சிருக்கான். திரும்பி வந்தப்ப எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல்னு கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சு, மனப்பாடமும் ஆயிடுச்சு. பெடல், அதாவது சத்தத்தை நீட்ட காலால அமுக்குறது, அது மட்டும் கன்னாபின்னான்னு போச்சு, ஏன்னா பெடலைக் காதாலதான் போடணும். அதுல இருந்து வாரத்துல ஒரு நாள் எல்லாரையும் பியானோவை ஆஃப் பண்ணிட்டு வாசிக்கச் சொல்றேன், பெடல் மேல காலே வைக்கக் கூடாது.

பரீட்சை பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம்னு லண்டன்ல இருந்து இசைப் பரீட்சை நடத்துற ரெண்டு போர்டுல எதுவா இருந்தாலும் கிரேடு 8 வரைக்கும் இருக்கு. ஏபிஆர்எஸ்எம்ல கிரேடு 6 பிராக்டிகல் எழுதணும்னா கிரேடு 5 தியரி பாஸ் பண்ணியிருக்கணும், டிரினிட்டியில அந்தக் கட்டாயம் இல்ல. வருஷத்துக்கு ஒரு கிரேடுன்னு ஓட்டாதீங்க, மூணு பாட்டை வருஷம் முழுக்க அரைச்சுட்டு நாலாவது பாட்டைக் குடுத்தா திருதிருன்னு முழிக்கிற பசங்களை நான் நிறைய பாத்துட்டேன். ஒரு கிரேடுக்கும் அடுத்த கிரேடுக்கும் நடுவுல சும்மா பத்துப் பதினஞ்சு பாட்டாவது வாசிக்க விடுங்க.

பிளஸ் டூ முடிச்சு மேல படிக்கணும்னா சென்னையில கே.எம். கன்சர்வேட்டரி இருக்கு, 2008ல ஏ.ஆர். ரஹ்மான் ஆரம்பிச்சது. அமெரிக்கான்னா முதல்ல வீடியோ அனுப்பணும், அப்ளிகேஷன் பெரும்பாலும் டிசம்பர் ஆரம்பத்துலயே முடிஞ்சிடும், பொதுவா பாக் எழுதின பாட்டு ஒண்ணு, பல பகுதி சேர்ந்த சொனாட்டா ஒண்ணு முழுசா, 19ஆம் நூற்றாண்டு ரொமான்டிக் காலத்துப் பாட்டு ஒண்ணு, எட்யூட்னு சொல்ற பயிற்சிப் பாட்டு ஒண்ணு கேப்பாங்க, நோட்ஸைப் பாக்காம வாசிக்கணும். பணம் இல்லையேன்னு முன்னாடியே கதவைச் சாத்திக்காதீங்க, பிலடெல்பியாவுல கர்ட்டிஸ்னு ஒரு இசைப் பள்ளி, 1928ல இருந்து டியூஷன் ஃபீஸே வாங்குறது இல்ல, ஆனா எடுக்கிறது ரொம்பக் கொஞ்சம் பேரைத்தான். ஹான் மாதிரி 12 வயசுலயே வீட்டை விட்டுப் போகணும்னும் இப்ப கட்டாயம் இல்ல. 2022ல 18 வயசுல வான் கிளைபர்ன் பேர்ல நடக்கிற போட்டியில ஜெயிச்ச யுன்சான் லிம் அதுவரைக்கும் கொரியாவுலயே மின்சூ சோன்கிட்ட படிச்சவர்தான்.

வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கிறதுதான் எல்லாத்தையும் விட பெரிய வேலை. நல்ல வாத்தியார் தானும் தினம் வாசிச்சுக்கிட்டே இருப்பாங்க. ரோஸினா லெவின் வாழ்நாள் பூரா சொல்லிக் குடுத்தவங்க, ஹான் படிச்ச அந்தக் காலத்துலதான், 1963ல, 82 வயசுல நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட மேடை ஏறி, ஷோபான் எழுதின முதல் பியானோ கன்சர்ட்டோவை வாசிச்சாங்க. அதனால டீச்சர் வீட்டுக்குப் போனா சர்டிஃபிகேட்டைக் கேக்காதீங்க, "நீங்க ஒண்ணு வாசிங்க"ன்னு கேளுங்க, தப்பாவே எடுத்துக்க மாட்டாங்க.

கிரேடு 4, 5 வந்ததும் புள்ளையை சொல்லிக் குடுக்க வைங்க. இது நான் கட்டாயமா பண்றது. ஞாயித்துக்கிழமை காலையில பெரிய பசங்களுக்கு ஆளுக்கு ஒரு சின்னப் புள்ளை, 20 நிமிஷம், நான் அடுக்களையில இருந்து கேட்டுக்கிட்டு இருப்பேன், உள்ள வர மாட்டேன். அந்த திருவிடைமருதூர் பொண்ணுக்கு இப்ப 14 வயசு. போன வாரம் ஏழு வயசுப் பையன் ஒருத்தன் ஷ்யாமளேவை டக்டக்குன்னு குத்திக்கிட்டு இருந்தான், இவ ஒண்ணும் பேசலை, அவன் முழங்கைக்கு அடியில தன் கையைக் குடுத்து தாங்கிக்கிட்டு, "என் மேல போட்டுருடா தம்பி"ன்னா.