இரணைமடுக் குளத்தில் ஒரு நாள்: தூண்டிலோடு போகிறவர்களுக்கு

நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள் பலர் கடற்கரை, கோயில், கீரிமலை என்று சுற்றிவிட்டு, வன்னியை ஏ9 வீதியில் வாகனத்தின் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகளோடு போகிறீர்கள், அவர்களுக்கும் மீன் பிடிப்பதில் ஆசை இருக்கிறது என்றால் ஒரு நாளைக் கிளிநொச்சிக்கு ஒதுக்குங்கள். வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கினார்கள், வேலை முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்தது. கடைசியாகப் பெரிய அளவில் புனரமைத்து அணைக்கட்டை உயர்த்தித் திறந்தது 2018 டிசம்பரில். அதே மாதம் கொட்டிய மழையில், மிஞ்சிய தண்ணீரை வெளியேற்றும் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் தவித்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உல்லாசப் பயணிகளுக்காகக் கட்டிய ஏரி இல்லை. கீழே இருக்கிற வயல்கள் எல்லாம் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன, குளத்து மீனை நம்பி நன்னீர் மீன்பிடிக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கு நாம் விருந்தாளியாகப் போகிறோம். எங்கே நிற்கலாம், எங்கே தூண்டில் போடலாம் என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி நகரம் 65 கிலோமீற்றருக்குக் கிட்ட. நகரத்தைத் தாண்டித் தெற்கே போனால் இரணைமடுச் சந்தி வரும், அங்கிருந்து கிழக்குப் பக்கம் திரும்ப வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் கிளிநொச்சியில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம், ஆனால் திரும்பி வருவதற்கும் அதே ஓட்டோக்காரரிடம் நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், குளத்தடியில் நின்று வாகனம் தேடுவது கஷ்டம். கொழும்பிலிருந்து வீதியால் வருகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு அப்படியே வரலாம். குளத்துக்குக் கிட்டவே கனகாம்பிகை அம்பாள் கோயிலும் இருக்கிறது, காலையில் அங்கே கும்பிட்டுவிட்டுக் குளத்துக்குப் போவது வசதி.

எப்போது போவது? மழை ஐப்பசியில் பிடித்து மார்கழி வரை பெய்யும், குளம் நிரம்பி வான் பாய்கிற காலம் அதுதான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வான்கதவுகளுக்குக் கீழே யாரும் இறங்கக்கூடாது, பிள்ளைகளைக் கையை விட்டு விடவே கூடாது. தை முடிந்து பங்குனி வரைக்கும் தண்ணீர் நிறைந்து காற்று அடங்கியிருக்கும். என்னைக் கேட்டால் தூண்டிலுக்கு அதுதான் நல்ல காலம். ஆடி, ஆவணியில் சிறுபோக நெல்லுக்குத் துருசால் (வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகால்) தண்ணீர் போய்க் குளம் வற்றிவரும், தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றும் பலமாக அடிக்கும், பத்து மணிக்குப் பிறகு தூண்டில் போட்டால் மிதப்பு நிற்காது. விடுமுறை உங்களுக்கு அப்போதுதான் கிடைக்கிறது என்றால் விடிய முதல் போய் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பெரிய சாமான் ஒன்றும் வெளிநாட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. தங்கூசி (நைலோன் நூல்), தூண்டில் முள், ஈயக்குண்டு எல்லாம் யாழ்ப்பாணத்துக் கடைகளிலேயே வாங்கலாம், ஒரு மூங்கில் தடி போதும். இரைக்கு ஈர மண்ணைக் கிண்டினால் நாக்கிளிப் புழு (மண்புழு) கிடைக்கும், இல்லாவிட்டால் பாணை நனைத்துப் பிசைந்து சின்ன உருண்டையாக உருட்டுங்கள்.

கூடுதலாக அகப்படுவது திலாப்பியாதான், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்ட மீன். கரையோரமாக ஆழமில்லாத தெளிந்த தண்ணீரைக் குனிந்து பாருங்கள், தட்டு அளவில் வட்டவட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் மீன் கிண்டி வைத்த குழிகள் அவை. பெண் அங்கே முட்டையிட்டு, அதை வாய்க்குள் எடுத்து அடைகாக்கும், பொரித்த குஞ்சுகளும் பயம் வந்தால் தாயின் வாய்க்குள்தான் ஓடும். பிடித்த மீனின் வாயிலிருந்து குஞ்சு கொட்டினால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிச் சொல்லுங்கள். விரால் மீனும் குஞ்சுகளைக் காக்கும், செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம், அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள். முள்ளுள்ள மீன்களான கெளிறும் சுங்கானும் அகப்பட்டால் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். முள் குத்தினால் கடுக்கும், தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும், குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வலை போடுகிற யோசனையே வேண்டாம். அது அனுமதிப்பத்திரம் எடுத்த மீனவர்களின் தொழில். கட்லா, ரோகு போன்ற மீன் குஞ்சுகளை நெக்டா என்று சொல்லப்படுகிற நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையும் மீன்பிடிச் சங்கங்களும் சேர்ந்து குளங்களில் விடுகின்றன. அது வளர்ந்தால்தான் அடுத்த வருசம் சோறு. சின்னக்கண் வலையும் தங்கூசி வலையும் போட்டு அதை அள்ளுகிறவர்களோடு இந்த மீனவர்கள் ஏற்கனவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு நிறைய மீன் வேண்டுமென்றால் விடியக்காலை வள்ளம் கரைக்கு வரும்போது நின்று அவர்களிடம் வாங்குங்கள், விலை பேசிக் குறைக்காதீர்கள். சமைப்பதற்கு முதல் உப்பும் புளியும் பிரட்டிக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினால் மண்வாசனை போய்விடும், விராலுக்கு அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் வழுவழுப்புப் போகும்.

இனி ஆபத்துகள். இவற்றில் யாரும் விளையாட வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று தூண்டில் போடுவது, நீந்துவது, இருட்டில் கரையில் கை கால் கழுவுவது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். வெளிநாட்டு நீச்சல் தடாகத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் குளத்தின் அடியில் இருக்கிற சேறும் மரக்கட்டையும் வேறு கணக்கு. அலைகரைப் பக்கம் (அணைக்கு எதிர்ப்புறக் கரையில்) காட்டுக்குள் போகாதீர்கள், மாலையில் யானை வரும் இடங்கள் அவை. அதோடு போர் நடந்த நிலம் இது, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டாம், தெரியாத இரும்புத் துண்டு எதையும் பிள்ளைகள் தூக்க விடாதீர்கள். வெள்ளம் வடிந்த காலத்தில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, காலில் காயத்தோடு சேற்றுக்குள் இறங்க வேண்டாம். பக்கத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், படையினர் இருக்கும் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

இன்னொன்றையும் மனம் நொந்துதான் எழுதுகிறேன். அணைக்கட்டில் இருந்து குடித்துவிட்டுப் போத்தலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி வாய்க்காலால் வயலுக்குப் போய், வெறுங்காலோடு சேற்றில் நிற்கிற ஒருவருடைய காலைத்தான் வெட்டும். அறுந்த தங்கூசியும் அப்படித்தான், நீர்க்காகமும் கொக்கும் அதில் சிக்கிச் செத்துப்போகும். மிஞ்சியதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். உறவினர் பாசத்தில் காட்டு இறைச்சி தேடித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சட்டப்படி அது குற்றம்.

குளத்தடி மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் கையில் காசைத் திணித்துவிட்டு வராமல், மீன்பிடிச் சங்கத்திடமும் கமக்கார (விவசாயிகள்) அமைப்பிடமும் என்ன தேவை என்று கேளுங்கள். வள்ளத்தில் போகிறவர்களுக்கு உயிர்காப்பு அங்கி, சட்டப்படியான கண் அளவுள்ள வலை, பிடித்த மீனை வைக்க ஐஸ் பெட்டி என்று அவர்களே சொல்வார்கள். பொருளைச் சங்கத்தின் பெயரில் பற்றுச்சீட்டோடு வாங்கிக் கொடுங்கள்.