பெயருள்ள நெடுஞ்சாலைகளுக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை: டர்பன் சாலைகளை வைத்து

தென்னாப்பிரிக்கச் சாலைகளைத் தமிழில் எழுதும்போது கட்டுரையின் தலைப்பைச் சாலையின் எண்ணில் வையுங்கள், பெயரை வழிமாற்றாக்குங்கள் (அதாவது அதைத் தேடுபவரைத் தானாக அந்தக் கட்டுரைக்கு அனுப்பும் பக்கம்). பெயர் பெரும்பாலும் சாலையின் ஒரு துண்டுக்குத்தான். டர்பன் நகரச் சாலையான எம்4 வடக்கே ரூத் ஃபர்ஸ்ட் நெடுஞ்சாலை, தெற்கே இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி நெடுஞ்சாலை. இரண்டையும் தனிக் கட்டுரையாக்கினால் ஒரே செய்தி இரண்டு இடத்தில் கிடந்து, ஒன்று திருத்தப்படும், மற்றது பழையதாகவே நிற்கும்.

நகரச் சாலைகளுக்கான எம் எண்கள் நகரத்துக்கு நகரம் திரும்ப வரும். எம்1 ஜோகன்னஸ்பர்க்கிலும் உண்டு. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள ஹிகின்சன் நெடுஞ்சாலையும் எம்1தான். ஆகவே 'எம்1 (டர்பன்)' என்று நகரத்தைச் சேர்த்து, வெறும் 'எம்1' பக்கத்தைப் பக்கவழி நெறிப்படுத்தலாக (ஒரே பெயருள்ள கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கமாக) விடுங்கள். என்2, என்3 போன்ற தேசியச் சாலைகளுக்கு நகரப் பெயர் வேண்டாம். நாட்டின் பெயர் போதும்.

வழிமாற்றைக் கட்டுரையில் அந்தப் பெயருக்குரிய பிரிவுக்கே குறிவையுங்கள். பிறகு யாராவது பிரிவின் தலைப்பை மாற்றினால் வாசகர் பக்கத்தின் உச்சியில் போய் நிற்பார். அதனால் தலைப்பை மாற்றுமுன் 'இப்பக்கத்தை இணைத்தவை' பட்டியலைப் பாருங்கள். வழிமாற்றிலிருந்து இன்னொரு வழிமாற்றுக்கு அனுப்பவே கூடாது, மென்பொருள் முதல் வழிமாற்றோடு நின்றுவிடும்.

எம்4இன் தெற்குப் பகுதிக்கு இருந்த சதர்ன் ஃப்ரீவே போன்ற பழைய பெயர்களையும் விடாதீர்கள். நம் பெரியவர்கள் அதைத்தான் தட்டித் தேடுவார்கள்.