விருதுக்கு முன் அளவு: வட்டாரப் பருவநிலை அங்கீகாரத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் மின்சாரத்தையும் உணவையும் வீணாக்காத வீடுகள், கோயில்கள், கடைகளைத் தேடி விருது கொடுத்துப் பாராட்டுவது அவசியமான வேலை. ஆனால் முன்னோடித் திட்டம் தொடங்கும் குழுக்கள் பல, விழாவுக்குச் சமூக மன்ற அரங்கைப் பதிவு செய்த பிறகுதான் எதை அளப்பது என்று யோசிக்கின்றன. ஆறு மாதம் கழித்து யாரால் எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

பெரும்பாலும் தவறு நடப்பது தொடக்க அளவில்தான், அதாவது திட்டத்துக்கு முந்தைய பயன்பாட்டைக் கணக்கிடுவதில்தான். மே மாதக் கட்டணத்தை டிசம்பரோடு ஒப்பிட்டால் எல்லா வீடும் சாதித்தது போலத் தெரியும். உண்மையில் மழைக்காலத்தில் ஏர்கான் குறைவாக ஓடியிருக்கும். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்களும் கணக்கைக் குழப்பும். 30 வீடுகளே உள்ள திட்டத்தில் நான்கு குடும்பங்கள் இந்தியா போனால் சராசரி சரிந்துவிடும். அதனால் கடந்த 12 மாதக் கட்டணச் சீட்டுகளையும் வாங்கி, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மொத்த அளவைக் கட்டண நாட்களாலும் வீட்டிலிருந்த ஆட்களாலும் வகுங்கள். பழைய மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவெடுப்பார்கள், இடைமாதத்தில் வருவது மதிப்பீடு. அத்தகைய வீடுகளுக்கு இரண்டு மாதங்களைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். சீட்டின் நகலில் கணக்கு எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் செலவழிக்கும் வீடுகளை மட்டும் தேர்ந்தெடுப்பதும் ஏமாற்றும். விருந்தாளிகள் தங்கிய மாதத்தில் எகிறிய பயன்பாடு, விருது இல்லாவிட்டாலும் அடுத்த மாதம் இறங்கும்.

ஒப்பீட்டுக் குழு, அதாவது திட்டத்தில் இன்னும் சேராத வீடுகள், இல்லாமல் தொடங்கவே வேண்டாம். 2024 ஏப்ரலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கிடைத்தது. அதைக் கொண்டு சிக்கனமான குளிர்பதனப் பெட்டி வாங்கிய வீட்டில் மின்சாரம் குறைந்தால், அந்தப் பெருமை உங்கள் சான்றிதழுக்கு உரியதல்ல. நான்கு புளோக்குகள் (அடுக்குமாடிக் கட்டடங்கள்) இருந்தால் குலுக்கல் முறையில் இரண்டில் இப்போது தொடங்குங்கள், மற்ற இரண்டில் ஆறு மாதம் கழித்து. யாரையும் விலக்கியதாகாது, ஒப்பிடவும் ஆள் கிடைக்கும். ஆனால் பின்னால் தொடங்கும் அந்த இரண்டு புளோக்குகளிலும் கட்டண விவரத்தை முதல் நாளிலிருந்தே சேகரிக்க வேண்டும்.

எடையை மட்டும் பார்த்து மறுசுழற்சி விருது கொடுக்காதீர்கள். மறுசுழற்சிப் பொருள்களுக்கான நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாதது. கிலோ கணக்குக்குப் பரிசு என்றால் எண்ணெய்ப் பிசுக்குள்ள உணவுப் பெட்டியும் உள்ளே போகும். மாதத்துக்கு இருமுறை சில பைகளைப் பிரித்துப் பார்த்து, உதவாததன் எடையைக் கழியுங்கள்.

கோயில் அன்னதானத்தில் அளவெடுப்பதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். விருதை அறிவிக்கும் முன்பே நான்கு வாரம் எடை போடுங்கள். பந்தி முடிந்ததும் மூன்று வாளிகள்: தட்டிலோ இலையிலோ மிஞ்சிய உணவுக்கு ஒன்று, அண்டாவில் மிஞ்சியதற்கு ஒன்று, வாழை இலைக்கும் கறிவேப்பிலை, முருங்கைச் சக்கைக்கும் ஒன்று. மூன்றையும் ஒன்றாக எடை போட்டால், அதிகம் சமைத்தது பிரச்சினையா, அதிகம் பரிமாறியது பிரச்சினையா என்பது தெரியாமலே போகும். அதிகம் சமைத்திருந்தால் சமையற்கட்டில் அரிசி அளவை மாற்ற வேண்டும், அதிகம் பரிமாறியிருந்தால் பரிமாறும் தொண்டூழியர்களிடம் பேச வேண்டும். வந்தவர்களை எண்ணுவதைவிட, தொடக்கத்திலும் முடிவிலும் தட்டு அல்லது இலை இருப்பை எண்ணுவது எளிது. தைப்பூசம், நவராத்திரி போன்ற நாட்களைத் தனியாக எழுதி வையுங்கள்.

பாராட்டு யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் துணி துவைப்பதும் சமைப்பதும் குப்பையைப் பிரிப்பதும் இல்லப் பணிப்பெண். சான்றிதழில் அவர் பெயர் இல்லையென்றால், பழக்கத்தை மாற்றியவரைத் திட்டம் கண்டுகொள்ளவில்லை என்று பொருள். அதேபோல் முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் பரிசு வைத்தால் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்களே திரும்பத் திரும்ப வெல்வார்கள். தன் பழைய அளவிலிருந்து 5 விழுக்காடு, 10 விழுக்காடு குறைத்த எல்லாருக்கும் நிலை வாரியாகக் கொடுங்கள்.

விழா முடிந்த ஆறாவது மாதம் மறுபடி அளக்க, பட்ஜெட்டில் இப்போதே இடம் ஒதுக்குங்கள். பாதியில் விலகிய வீடுகளையும் அப்போது கணக்கில் சேர்த்து, ஏன் விலகினார்கள் என்று தொலைபேசியில் கேளுங்கள். ஒப்பீட்டுக் குழுவைவிட எவ்வளவு வித்தியாசம் வந்தால் திட்டத்தை விரிவாக்குவது, எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்பதை முதல் கட்டணச் சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே எழுதி, குழுவினர் அனைவரும் கையெழுத்திட வேண்டும்.