ஒன்ராறியோவில் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டால்

கனடாவில் இது தண்டம் கட்டிவிட்டு மறந்துவிடும் போக்குவரத்துத் தவறு இல்லை, குற்றவியல் வழக்கு. 2018 டிசம்பர் 18இலிருந்து இதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை. குடிவரவுச் சட்டம் பார்ப்பது அந்த 10ஐத்தான். நீதிபதி 1,000 டொலர் தண்டத்தோடு விட்டாலும், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரைக்கூட நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கலாம்.

100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் இருந்தால் குற்றம். 50 இருந்தாலே ஒன்ராறியோவில் சாரதி அனுமதிப்பத்திரம் சில நாளுக்குப் பறிபோகும். ஜி1, ஜி2 (முழு அனுமதிக்கு முந்தைய பழகுநர் அனுமதிப்பத்திரங்கள்) வைத்திருப்பவர்களும் 21 வயதைத் தாண்டாதவர்களும் ஒரு பியர்கூடக் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது. விருந்து முடிந்து, குளிருக்கு ஹீற்றரைப் போட்டுவிட்டுச் சாரதி இருக்கையில் உறங்கியவர்மீதும் வழக்கு வரும். வாகனம் நகர்ந்திருக்க வேண்டும் என்றில்லை.

பொலிசார் மறித்தால், சந்தேகம் இல்லாமலே மதுசாரத்தை அளக்கும் கருவியில் ஊதச் சொல்லலாம். ஊதுங்கள். 'சட்டத்தரணி வரட்டும்' என்று அந்த இடத்தில் சொல்ல முடியாது. மறுப்பது தனிக் குற்றம், குறைந்தபட்சத் தண்டம் 2,000 டொலர். ஒரு துளி குடிக்காதவர் மறுத்தாலும் அதேதான்.

கைதுசெய்தால் நிலைமை வேறு. "சட்டத்தரணியோடு பேச வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் இலவசச் சட்டத்தரணி தொலைபேசியில் கிடைப்பார். அதன்பின் நிலையத்தில் குறைந்தது 15 நிமிட இடைவெளியில் இரண்டு தடவை ஊதவேண்டும்; அங்கும் மறுக்காதீர்கள். பெயரையும் வாகன ஆவணங்களையும் கொடுங்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. நம்மவர்கள் மரியாதைக்குச் சொல்லும் "ரெண்டு பியர்தான் சேர்" அப்படியே குறிப்பேட்டில் ஏறி, நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

வழக்கு தொடங்குமுன்பே அனுமதிப்பத்திரம் 90 நாளுக்கும் வாகனம் 7 நாளுக்கும் போய்விடும். கார் நண்பருடையது என்றாலும் விடமாட்டார்கள். கைரேகை கொடுக்கச் சொன்ன நாளைத் தவறவிட்டால் பிடியாணை வரும்.

நாம் அதிகம் அஞ்சுவது, வேலைக்கு லீவு எடுக்க முடியாமல் முதல் தவணையிலேயே 'குற்றவாளி' என்று ஒப்புக்கொள்வதைத்தான். அதற்குமுன் குற்றவியல் சட்டத்தரணியிடம் உங்கள் வதிவிட நிலையை ஒளிக்காமல் சொல்லி, குடிவரவுச் சட்டத்தரணியின் கருத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடம் வரை இலவச ஆலோசனை பெறலாம். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்புக்குப் பணம் கேட்கமாட்டார்கள், ஆனால் முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டும்.