பெயரைச் சுத்தம் செய்யும் செயலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் ஒருவர் பெயரோடு ஒட்டிக் கிடக்கும் பழைய தகவல்களைத் தேடி நீக்க உதவும் செயலியை உருவாக்குகிறீர்களா? தன் பெயரை கூகுளில் தேடிப் பார்த்து மனம் நொந்தவர்தான் இந்த மாதிரிச் செயலியைத் தேடி வருவார். பழைய வழக்குச் செய்தி, கல்லூரி நாள் பதிவு, யாரோ போட்ட படம். அவர் மறைக்க நினைப்பதையெல்லாம் பட்டியலாக்கி நம் சர்வரில் வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. அது கசிந்தால், பத்து இடங்களில் சிதறிக் கிடந்தது ஒரே இடத்தில் கிடைத்துவிடும். அனுமதியில்லாமல் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ சேவையைப் பாருங்கள். அந்தரங்கப் படம் போனை விட்டு வெளியே போவதே இல்லை. போனிலேயே கணக்கிட்ட ஹாஷ், அதாவது படத்தின் கைரேகை போன்ற ஒரு குறியீடு, மட்டும்தான் போகிறது. அதை வைத்தே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடிக்கின்றன. நீங்களும் தேடல், வடிகட்டல் எல்லாவற்றையும் பயனரின் போனிலேயே நடத்துங்கள். பாஸ்வேர்டு கேட்கவே கேட்காதீர்கள்.

அடுத்தது பெயர். கார்த்திக் என்பதை ஆங்கிலத்தில் 'கே' போட்டு முடிப்பவரும் உண்டு, 'சிகே' போடுபவரும் உண்டு. மார்க் ஷீட்டில் இனிஷியலாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் மட்டும் வைத்தால் வேறு யாருடைய வழக்கோ இவர் தலையில் விழும். ஒவ்வொரு முடிவையும் அவரே பார்த்து 'இது நான்தான்' என்று சொன்ன பிறகே மேலே போங்கள்.

'அழித்துவிடுவோம்' என்று வாக்குக் கொடுப்பதும் தவறு. 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோதுகூட, தேடல் முடிவிலிருந்துதான் இணைப்பை நீக்கச் சொன்னது. அந்த வழக்குக்குக் காரணமான, 1998இல் வந்த நாளிதழ் அறிவிப்பு அப்படியே இருந்தது. இந்தியாவில், வழக்கிலிருந்து விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பில் மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. எது மூலப் பக்கத்திலிருந்தே போகும், எது தேடலில் மட்டும் மறையும் என்று திரையிலேயே பிரித்துக் காட்டுங்கள்.

பிடிக்காத பக்கத்தை நீக்கவைக்க, பொய்யான காப்புரிமைப் புகார் அனுப்பும் வசதி வேண்டவே வேண்டாம். கூகுள் தனக்கு வரும் காப்புரிமை நீக்கக் கோரிக்கைகளின் நகலை லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. மறைக்கப் போன விஷயம் அங்கே பதிவாகி நிற்கும்.

அப்புறம், பழைய பதிவுகளை மொத்தமாக அழிக்கும் பொத்தான். பத்து வருடப் பதிவுகளோடு, இறந்துபோன அப்பா கீழே எழுதிய பின்னூட்டமும் போய்விடும். காப்புப் பிரதி பயனரின் கைக்கு வந்த பிறகுதான் அந்தப் பொத்தானே தெரிய வேண்டும்.